சுமையும் சுமக்கும் இதயமும்

நம் வீடுகளில் பெரியவர்கள் கூடிப் பேசும்போது, "எனக்கு இரத்தக் கொதிப்பு நூற்றறுபது இருக்கிறதாம்" என்று ஒருவர் சொல்வார். "நூற்றறுபதுதானே! எனக்கு நூற்றெண்பது இருந்தது, என்னை ஒன்றும் செய்துவிடவில்லை" என்று மற்றவர் மறுமொழி கூறுவார். பரீட்சையில் வாங்கிய மதிப்பெண்களை ஒப்பிட்டுக்கொள்வது போல இருக்கும் அந்தப் பேச்சு. மாணவர்களாகிய நீங்களும் இதைக் கேட்டிருப்பீர்கள். அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது என்பதைப் பற்றி இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

மருத்துவர் உங்கள் புயத்தில் ஒரு பட்டையைச் சுற்றிக் காற்றை அடைக்கிறார். பிறகு காற்றை மெல்ல மெல்ல வெளியே விடுகிறார். இந்தப் பட்டையைக் கொண்டு அளக்கும் முறையை 1896-இல் இத்தாலி நாட்டு மருத்துவர் ரீவா-ரோச்சி வகுத்தார். காற்று குறையும்போது முழங்கையின் உட்புறத்தில் கேட்கும் ஒலிகளைக் கொண்டு மேல் எண், கீழ் எண் இரண்டையும் அறியலாம் என்பதை 1905-இல் ருஷிய மருத்துவர் கொரட்கோவ் எடுத்துக்காட்டினார். இதயம் சுருங்கும்போது இரத்தக் குழாய்களில் எழும் அழுத்தம் மேல் எண். இதயம் தளர்ந்திருக்கும்போது எஞ்சி நிற்கும் அழுத்தம் கீழ் எண். ஓய்வாக அமர்ந்திருக்கையில் மருத்துவரிடம் பலமுறை அளந்தும் 140-க்கு மேலோ, கீழ் எண் 90-க்கு மேலோ இருந்தால் அதை உயர்ந்த இரத்த அழுத்தம் என்று பொதுவாகக் கொள்கிறார்கள்.

இந்த எண் ஒரு சுமையின் அளவு. அரிசி மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு இருவர் நடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவர் தலையிலும் இருப்பது 50 கிலோ மூட்டைதான். ஒருவர் நிமிர்ந்து நடக்கிறார். மற்றவருடைய முழங்கால் நடுங்குகிறது. மூட்டையை எத்தனை முறை தராசில் ஏற்றி நிறுத்தாலும் அந்த நடுக்கத்தைத் தராசு சொல்லாது. அதை அறிய வேண்டுமானால் மூட்டையை விட்டுவிட்டு ஆளைப் பார்க்க வேண்டும். அதுபோலவே, கையில் அளக்கும் எண் சுமையைச் சொல்கிறது. சுமக்கின்ற இதயம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. இரத்தக் கொதிப்பு உள்ளவரின் இதயத்தைத் தனியே சோதித்து அறிய வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

சுமப்பவரை முதலில் அறிந்துகொள்வோம். இதயம் மூடிய கைப்பிடி அளவே உள்ள ஒரு தசை. அது ஒரு நாளில் ஏறத்தாழ ஓரிலட்சம் முறை துடிக்கிறது. ஓய்வாக இருக்கும் வேளையிலும் நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. நாள் முழுவதும் கணக்கிட்டால் 7,000 லிட்டர் ஆகிறது. இதன் நான்கு அறைகளில் இடது கீழறைக்கே வேலை மிகுதி. உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்புவது அந்த அறைதான். வழியிலுள்ள குழாய்களில் அழுத்தம் உயர்ந்திருந்தால், ஒவ்வொரு துடிப்பிலும் அந்த அழுத்தத்தை எதிர்த்து வால்வைத் திறந்து இரத்தத்தைத் தள்ள வேண்டியதும் அதுவே.

நாள்தோறும் பாரம் தூக்குபவரின் புயம் திரள்கிறது அன்றோ? இடது கீழறையின் சுவரும் அவ்வாறே தடிக்கிறது. பெரியவர்களுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டருக்குள் இருக்கவேண்டிய சுவர் 12 மில்லிமீட்டர், 14 மில்லிமீட்டர் என்று பருக்கிறது. இதற்குப் பௌதிகத்தில் காரணம் உண்டு. ஓர் அறையின் சுவரில் உண்டாகும் இழுவிசை, உள்ளே இருக்கும் அழுத்தமும் அறையின் ஆரமும் மிகுந்தால் மிகும். சுவரின் தடிப்பு மிகுந்தால் குறையும். பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ் பெயரால் வழங்கும் விதி இது. அழுத்தம் உயரும்போது சுவர் தடித்து, அந்த இழுவிசையைப் பழைய அளவுக்குள் வைத்துக்கொள்கிறது. இதயம் செய்துகொள்ளும் சிக்கனமான ஏற்பாடு என்றே முதலில் தோன்றும்.

ஆனால் பயில்வானின் புயத்திற்கும் இந்தச் சுவருக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பயில்வான் பாரத்தைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். இதயத்திற்கு இறக்கி வைக்கும் நேரமே இல்லை. அதனால் தசையோடு சேர்ந்து தசைநார்களுக்கு இடையே தழும்பு போன்ற நார்ப்பொருளும் வளர்கிறது. சுவர் விறைக்கிறது. விறைத்த சுவரால் சுருங்க முடிகிறது. நன்றாகத் தளர முடிவதில்லை.

தளர்வதில் என்ன பெருமை என்று நீங்கள் கேட்கலாம். நிமிடத்திற்கு 75 முறை துடிக்கும் இதயத்தில் ஒரு துடிப்புக்கு 0.8 விநாடி ஆகிறது. அதில் கீழறை சுருங்கியிருப்பது ஏறத்தாழ 0.3 விநாடி. மீதி 0.5 விநாடி அது தளர்ந்து, அடுத்த துடிப்புக்கு வேண்டிய இரத்தத்தை வாங்கிக்கொள்கிறது. இதயத் தசைக்கு உணவூட்டும் குழாய்களில், முக்கியமாக இடது கீழறைக்குச் செல்வனவற்றில், இரத்தம் பெரும்பாலும் பாய்வதும் அந்தத் தளர்ச்சி வேளையில்தான். ஆகவே தளராத இதயம் நிறைய வாங்கவும் முடியாது. நிறைய உண்ணவும் முடியாது. வாங்கிக்கொள்ளப்படாத இரத்தம் பின்னே தேங்குகிறது. இடது மேலறை விரிகிறது. அதற்குப் பின்னாலுள்ள நுரையீரலில் அழுத்தம் ஏறுகிறது. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது. இத்தனையும் நடப்பதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி, நோயுள்ளவருக்கு எந்தத் துன்பமும் தெரியாது.

தெரியாமல் கழிந்த அத்தகைய ஆண்டுகளுக்குச் சரித்திரத்தில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஜனாதிபதியாக இருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் இரத்த அழுத்தம் 1935-இல் 136-க்கு 78. 1937-இல் அது 162-க்கு 98 ஆயிற்று. 1941-இல் 188-க்கு 105. உலகத்தின் மிக முக்கியமான மனிதர்களுள் ஒருவரின் உடலில் எண் படிப்படியாக ஏறிக்கொண்டே இருந்தது. அந்தக் காலத்தில் வயதுக்கேற்ப அழுத்தம் உயர்வது இயற்கை என்று எண்ணிய மருத்துவர்கள் பலர். அழுத்தத்தைக் குறைக்கத் தக்க மாத்திரைகளும் அப்போது இல்லை. அவருடைய சொந்த மருத்துவர் காது, மூக்கு, தொண்டை நோய்களில் வல்லுநர்.

1944-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ரூஸ்வெல்ட் சோர்ந்து காணப்பட்டார், இருமல் நீங்கவில்லை. மார்ச் மாத இறுதியில் அவரைப் பெதெஸ்டா கடற்படை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே இதய நோய் மருத்துவராக இருந்த ஹோவர்டு புரூயென் என்னும் இளைஞர் அவரைச் சோதித்தார். அந்தச் சோதனையின் விவரங்களைப் புரூயென் 1970-இல் ஒரு மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்டார். மாணவர்கள் கருதிப் பார்க்க வேண்டிய சோதனை அது. இன்றுள்ள கருவிகளில் பல அப்போது இல்லை. இருந்தவற்றைக் கொண்டே அவர் இதயத்தை எவ்வளவு நுணுக்கமாக விசாரித்தார் என்று பாருங்கள்.

முதலில் கண்ணால் பார்த்தார். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. படுக்கையில் அசைந்தாலே மூச்சு வாங்கியது. பிறகு கையால் தொட்டுப் பார்த்தார். இதயத்தின் நுனி துடிக்கும் இடம், இருக்க வேண்டிய இடத்தை விட்டு இடப்புறமாகவும் கீழாகவும் விலகியிருந்தது. இடது கீழறை பெரிதாகிவிட்டது என்பதற்கு அது அடையாளம். பிறகு ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். இதய நுனியில் ஒரு முணுமுணுப்பு ஒலி கேட்டது. நுரையீரலின் அடிப்பகுதியில், நீர் கோத்திருப்பதைக் காட்டும் மெல்லிய சலசலப்புக் கேட்டது. எக்ஸ்ரேயில் இதயத்தின் நிழல் அகன்றிருந்தது. பெருந்தமனியும் விரிந்து வளைந்திருந்தது. மின்துடிப்புப் படத்தில், மேல்நோக்கி எழ வேண்டிய ஓர் அலை கீழ்நோக்கித் திரும்பியிருந்தது. கையில் அளந்த அழுத்தம் 186-க்கு 108.

கடைசியாகச் சொன்ன எண்ணைக் கவனியுங்கள். 1941-இல் இருந்ததற்கும் அதற்கும் பெரிய வேறுபாடில்லை. எண்ணை மட்டும் பார்த்திருந்தால் மூன்று ஆண்டுகளில் எதுவும் மாறவில்லை என்று தோன்றியிருக்கும். ஆனால் அந்த மூன்று ஆண்டுகளும் அதே சுமையைச் சுமந்த இதயம், தாங்க மாட்டாத நிலைக்கு வந்திருந்தது. இடது கீழறை தளர்ந்துவிட்டது என்று புரூயென் முடிவு கூறினார். அவர் சொன்னபடி டிஜிடாலிஸ் என்னும் மருந்தைக் கொடுத்தார்கள், உப்பைக் குறைத்தார்கள், ஓய்வு கொள்ளச் செய்தார்கள். சுமார் பத்து நாள்களில் நுரையீரல் தெளிந்தது. இதய நிழலும் சற்றுச் சுருங்கியது. ரூஸ்வெல்ட் தெளிவாகப் பேசினார், நன்றாக உறங்கினார்.

சுமந்தவரை ஆற்றினார்கள், சுமையை இறக்க அவர்களிடம் வழி இல்லை. அழுத்தம் உயர்ந்தே இருந்தது. 1945 பிப்ரவரியில் யால்டா மாநாட்டுக்குப் போய் வந்த ரூஸ்வெல்ட், ஏப்ரல் 12-ஆம் நாள் ஜார்ஜியா மாகாணத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் மூளையில் இரத்தம் கசிந்து காலமானார். அப்போது அவருக்கு வயது 63. அவருடைய இதய நிலையைத் தேசம் அறியவில்லை. தம்முடைய நிலை என்ன என்று அவரும் மருத்துவரை வற்புறுத்திக் கேட்டவரல்லர்.

மூன்றாண்டுகளுக்குப் பின், 1948-இல், மாசசூசெட்ஸ் மாகாணத்தில் ஃபிரேமிங்காம் என்னும் ஊரில் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. 5,209 ஆண் பெண்களைச் சேர்த்து, ஆண்டுக்கணக்காக அவர்களுடைய உடல்நிலையைக் குறித்துக்கொண்டே வந்தார்கள். இதயம் தளர்ந்துபோனவர்களில் பெரும்பாலோருக்கு அதற்கு முன்பே இரத்தக் கொதிப்பு இருந்தது என்பதும், கீழறை பருத்தவர்களுக்கு ஆபத்து மிகுதி என்பதும் அங்கே தெளிவாயின. வயதானால் அழுத்தம் உயர்வது இயற்கை, அதை விட்டுவிடலாம் என்ற எண்ணம் மெல்ல அகன்றது. அப்படியானால் பருத்த கீழறையை, தளரும் இதயத்தை, நோயாளிக்கு மூச்சு முட்டுவதற்கு முன்பே எப்படிக் கண்டறிவது?

எளிய வழி மின்துடிப்புப் படம். மக்கள் இதை ஈ.சி.ஜி. என்று வழங்குகிறார்கள். பருத்த தசை மிகுதியான மின்சாரத்தை எழுப்புவதால் படத்தில் அலைகள் உயர்ந்து நிற்கும். செலவும் குறைவு, எந்தச் சிற்றூர் மருத்துவமனையிலும் எடுக்கலாம். ஆயினும் ஒரு குறை உண்டு. அலைகள் உயர்ந்திருந்தால் கீழறை பருத்திருப்பதாகப் பெரும்பாலும் நம்பலாம். அலைகள் உயரவில்லை என்றால் பருக்கவில்லை என்று நம்பிவிட முடியாது. பருமனான உடலில் கொழுப்பும் தோலும் அலைகளை மங்கச் செய்துவிடும். "இல்லை" என்று அது சொல்லும் சொல்லுக்கு முழு மதிப்புத் தரலாகாது.

இதயத்தின் சுவரையே கண்ணால் காணும் வழி, கப்பல் கட்டும் துறையிலிருந்து வந்தது என்றால் வியப்பாக இருக்கும். இரும்புத் தகடுகளுக்குள் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க, மனிதச் செவிக்கு எட்டாத ஒலியைச் செலுத்தி, திரும்பி வரும் எதிரொலியை அளக்கும் கருவிகள் இருந்தன. ஸ்வீடன் நாட்டு லுண்டு நகரத்தில் மருத்துவர் எட்லரும் பௌதிக அறிஞர் ஹெர்ட்ஸும் அத்தகைய கருவியொன்றை இரவலாகப் பெற்று, 1953 அக்டோபரில் மனித மார்பில் வைத்துப் பார்த்தார்கள். துடிக்கும் இதயத்தின் எதிரொலி திரையில் அசைந்தது. இன்று எக்கோ என்று எல்லாரும் சொல்லும் பரிசோதனை அங்கே பிறந்தது. ஊசி இல்லை, வலி இல்லை. ஒரு பசையைத் தடவிச் சிறு கருவியை மார்பில் நகர்த்துவதோடு சரி.

எக்கோவிடம் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. முதலாவது, கீழறையின் சுவர் எவ்வளவு தடித்திருக்கிறது? இரண்டாவது, அந்த அறை எவ்வளவு நன்றாகச் சுருங்குகிறது? மூன்றாவது, எவ்வளவு நன்றாகத் தளர்கிறது? நான்காவது, பின்னாலுள்ள இடது மேலறை விரிந்திருக்கிறதா?

சுருங்கும் திறனை ஒரு விழுக்காடாகச் சொல்வார்கள். அறையில் நிரம்பிய இரத்தத்தில் எத்தனை பங்கு ஒரு துடிப்பில் வெளியேறுகிறது என்பதே அந்தக் கணக்கு. எடுத்துக்காட்டாக, 120 மில்லிலிட்டர் நிரம்பி 70 மில்லிலிட்டர் வெளியேறினால் 58 விழுக்காடு. ஏறத்தாழ 55 முதல் 70 விழுக்காடு வரை இயல்பு என்று கொள்ளலாம். தளரும் திறனை அறிய, மேலறையிலிருந்து கீழறைக்கு இரத்தம் பாயும் வேகத்தை அளக்கிறார்கள். அது இரண்டு அலைகளாகப் பாய்கிறது. கீழறை தளர்ந்து இடங்கொடுக்கும்போது தானாகப் பாய்வது முதல் அலை. இறுதியில் மேலறை சுருங்கித் தள்ளுவது இரண்டாவது அலை. இளமையில் முதல் அலையே பெரிது. சுவர் விறைக்கத் தொடங்கினால் முதல் அலை தாழ்ந்து, இரண்டாவது அலை உயர்கிறது.

இங்கே ஒரு மயக்கம் உண்டு. நோய் முற்றும்போது மேலறையில் இரத்தம் தேங்கி அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தமே இரத்தத்தை வேகமாகத் தள்ளுவதால் முதல் அலை மறுபடியும் உயர்ந்து, நலமுள்ள இதயத்தின் படத்தைப் போலவே காட்சி தரும். காய்ச்சல் முற்றியவரின் முகம் சிவந்திருப்பதைக் கண்டு ஆரோக்கியம் என்று எண்ணுவதைப் போன்ற பிழைக்கு அது இடந்தரும். ஆகையால் இரத்தத்தின் வேகத்தை மட்டும் பார்த்து நின்றுவிடாமல், சுவர் எவ்வளவு விரைவாகத் தளர்ந்து அசைகிறது என்பதையும் தனியே அளக்கிறார்கள். இரண்டையும் ஒப்பிட்டு, மேலறையின் அளவையும் சேர்த்துப் பார்த்தால் மயக்கம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இதயம் திணறும்போது அதன் சுவரிலிருந்து இரத்தத்தில் கலக்கும் ஒரு பொருளை அளந்து பார்க்கும் இரத்தப் பரிசோதனையும் இப்போது உண்டு. ஐயம் நீங்காத இடத்தில் அதுவும் துணை செய்கிறது.

இவற்றையெல்லாம் புத்தகத்தில் படித்தவன்தான் நான். படித்தும் ஒருமுறை தவறினேன். அதை உங்களுக்குச் சொல்லுவது கடமை என்று கருதுகிறேன்.

பள்ளியில் எனக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியர் ஒருவர், ஓய்வு பெற்றபின் என்னிடம் மருத்துவத்திற்கு வந்தார். விடையை மட்டும் எழுதிக் கொடுத்தால் பாதி மதிப்பெண்தான் தருவார். "வழியை எழுதடா" என்பார். அவருக்கு வெகு நாள்களாக இரத்தக் கொதிப்பு. மாத்திரையைச் சில நாள் உண்பார். உடம்பு நன்றாக இருக்கிறது என்று சில நாள் நிறுத்திவிடுவார். அன்று அவர், "தம்பி, மாடிப்படி ஏறினால் மூச்சு இரைக்கிறது. இரவில் இரண்டு தலையணை வைத்தால்தான் தூக்கம் வருகிறது" என்றார். நான் அழுத்தத்தை அளந்தேன், 170-க்கு 100. எக்கோ எடுக்கச் சொன்னேன். அறிக்கை வந்தது. அதில் என் கண் தேடியது ஓர் எண்ணை மட்டுமே. சுருங்கும் திறன் 62 விழுக்காடு. "ஐயா, உங்கள் இதயம் நன்றாக வேலை செய்கிறது. மூச்சு வாங்குவது வயதினால்தான். மாத்திரையை மட்டும் விடாமல் சாப்பிடுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். அவர் மகிழ்ச்சியோடு போனார்.

மூன்று மாதம் கழித்து ஒரு நள்ளிரவில் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். படுக்க முடியாமல், அமர்ந்தபடியே மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தார். நுரையீரல் முழுவதும் நீர். அழுத்தம் 210-க்கு மேல். பிராணவாயு கொடுத்து, நீரை வெளியேற்றும் மருந்தைச் செலுத்தி, அழுத்தத்தைக் குறைத்தோம். விடியும்போது அவருக்கு மூச்சுச் சீரானது. அதன் பிறகு அவருடைய பழைய அறிக்கையை எடுத்துப் படித்தேன். சுவரின் தடிப்பு 14 மில்லிமீட்டர். இடது மேலறை விரிந்திருக்கிறது. தளரும் திறன் குறைந்திருக்கிறது. எல்லாம் எழுதியிருந்தது, நான் படித்த வரிக்கு அடுத்த மூன்று வரிகளில்.

62 என்ற அந்த விழுக்காடு பொய்யன்று. ஆனால் அது ஒரு பின்னம். பின்னத்திற்குத் தொகுதியும் உண்டு, பகுதியும் உண்டு. சுவர் உட்புறமாகத் தடித்து அறை சுருங்கிவிட்டால், 120 மில்லிலிட்டர் வாங்க வேண்டிய அறை 90 மில்லிலிட்டர்தான் வாங்கும். அதில் 56 வெளியேறினாலும் விழுக்காடு 62 தான். விழுக்காடு உயர்ந்து நிற்கும். உடலுக்குக் கிடைக்கும் இரத்தமோ குறைந்துவிடும். இதயத் தளர்ச்சி உற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குச் சுருங்கும் திறன் இவ்வாறு நன்றாகவே இருக்கிறது. அவர்களுள் பலர் நெடுங்காலம் இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள்.

உடல் தேறிய பின் நடந்ததை அவரிடம் மறைக்காமல் சொன்னேன். பின்னத்தின் கணக்கையும் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "விடையை மட்டும் பார்த்திருக்கிறாய், தம்பி. வழியைப் பார்க்கவில்லை" என்றார். கோபம் இல்லை அந்தக் குரலில். வகுப்பில் விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது இருந்த அதே குரல். அன்றிலிருந்து எந்த அறிக்கையையும் கடைசி வரிவரை படிக்காமல் நான் கீழே வைப்பதில்லை.

இனி, தடித்த சுவர் தடித்தபடியே நின்றுவிடுமா என்ற கேள்விக்கு வருவோம். இங்கேதான் ரூஸ்வெல்ட்டின் காலத்திற்கும் நம் காலத்திற்கும் உள்ள பெரிய வேறுபாடு இருக்கிறது. 1967-இல் அமெரிக்காவில் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு வெளிவந்தது. கீழ் எண் 115 முதல் 129 வரை இருந்த 143 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து. மற்றொரு பிரிவுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. வெறும் மாத்திரை பெற்றவர்களில் 27 பேருக்குக் கடுமையான விளைவுகள் நேர்ந்தன. மருந்து பெற்றவர்களில் அவ்வாறு நேர்ந்தது இருவருக்கே. சுமையை இறக்கினால் சுமப்பவர் பிழைக்கிறார் என்பது அதனால் உறுதியாயிற்று. அழுத்தத்தை இடைவிடாது அடக்கி வைத்தால் பருத்த கீழறை ஓரளவு மெலிகிறது என்பதையும், அவ்வாறு மெலிந்தவர்களுக்கு ஆபத்துக் குறைகிறது என்பதையும் பின்வந்த ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

என் ஆசிரியர் அதற்குச் சாட்சி. மாத்திரையை ஒரு நாளும் விடவில்லை. ஊறுகாய்க்கும் அப்பளத்திற்கும் விடைகொடுத்தார். கருவாட்டை மட்டும் விட மனமில்லாமல் நெடுநாள் என்னோடு வாதாடினார். ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை என்று சொன்னேன். தேக்கரண்டியை அளந்து வைத்துக்கொண்டார். மாலையில் நடக்கத் தொடங்கினார். ஓராண்டு கழித்து எடுத்த எக்கோவில் சுவரின் தடிப்பு 12 மில்லிமீட்டர்; தளர்ச்சியும் முன்னிலும் நன்று. இரண்டாவது தலையணையை அவருடைய பேரன் எடுத்துக்கொண்டான்.

மாணவ நண்பர்களே, உங்களுக்கு இந்த வயதில் இரத்தக் கொதிப்பு இல்லாதிருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டில் யாருக்கேனும் இருக்கும். தந்தையோ தாயோ பாட்டனாரோ மாத்திரையை எப்போது நிறுத்தினார்கள் என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் எவரும் இருக்க மாட்டார்கள். ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்களை வைக்கிறேன்.

வீட்டில் கருவி இருந்தால் நீங்களே அளந்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அளப்பதற்கு முன் 5 நிமிடம் அவர்கள் பேசாமல் அமர்ந்திருக்கட்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும். கை இதயத்தின் மட்டத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். காப்பி குடித்த கையோடு அளக்க வேண்டாம். ஒரு முறைக்கு இரு முறையாக அளந்து எழுதுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்தக் குறிப்பேட்டைக் கொண்டுபோங்கள்.

எண்ணோடு நிற்காமல் ஆளையும் கவனியுங்கள். வழக்கமாக ஏறும் படிகளில் பாட்டனார் இப்போது நடுவில் நிற்கிறாரா? அம்மாவுக்கு மாலையில் பாதம் வீங்குகிறதா? இரவில் மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறார்களா? வயதாகிவிட்டது என்று அவர்களே சொல்லித் தட்டிக் கழிப்பார்கள். நீங்கள் தட்டிக் கழிக்க வேண்டாம். இரத்தக் கொதிப்பு உள்ளவர் ஒருவர், ஒரு முறையேனும் ஈ.சி.ஜி. எடுத்திருக்க வேண்டும். மூச்சு வாங்குதல் முதலிய குறிகள் இருந்தாலோ, ஈ.சி.ஜி.யில் மாறுதல் கண்டாலோ, எக்கோ பார்க்க வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். அறிக்கை வந்ததும், "சுருங்குவது சரி, தளர்வது எப்படி இருக்கிறது, டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். அந்தக் கேள்வியை அன்று என் ஆசிரியரின் வீட்டார் ஒருவர் என்னிடம் கேட்டிருந்தால், அந்த நள்ளிரவு அவருக்கு நேர்ந்திராது.

இதயம் பேசாத உறுப்பு. அது தன் துன்பத்தைச் சொல்லத் தொடங்கும்போது பல ஆண்டுகள் கடந்திருக்கும். அதற்கு முன்னரே அதை விசாரித்து அறிவதற்கு வழிகள் இன்று இருக்கின்றன. சுமையை இறக்குவதற்கு மருந்துகளும் இருக்கின்றன. ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்காத அந்த வாய்ப்பு, உங்கள் தெருவில் உள்ளவர்களுக்குக் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ள உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நீங்கள் துணை செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டு என் பேச்சை முடிக்கிறேன்.